966 உச்சம் எதைக் காட்டுகிறது?

டிரான்ஸ் கொழுப்பின் அளவை அகச்சிவப்பு நிறமாலை (பொருள் எந்தெந்த அகச்சிவப்பு அலைகளை உட்கவர்கிறது என்ற பதிவு) கொண்டு அளக்கும் முறை ஒன்று உண்டு. நிறைவுறாக் கொழுப்பில் (கார்பன்களுக்கிடையே இரட்டைப் பிணைப்பு உள்ள கொழுப்பில்) அந்தப் பிணைப்பு எதுவானாலும் 966 அலை எண்ணில் (ஒரு சென்டிமீட்டரில் அடங்கும் அலைகளின் எண்ணிக்கை) உச்சம் வரும், ஆகவே இந்த முறை நிறைவுறாக் கொழுப்பு முழுவதையும் டிரான்ஸ் கொழுப்பாக எண்ணிவிடும் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அது சரியல்ல. 966-இல் (செ.மீ⁻¹) வருவது டிரான்ஸ் இரட்டைப் பிணைப்பின் இருபுறமும் எதிரெதிராக நிற்கும் ஹைட்ரஜன்கள் மூலக்கூறின் தளத்துக்கு வெளியே அசைவதால். சிஸ் பிணைப்பில் அவை ஒரே பக்கம் இருப்பதால் அந்த இடத்தில் உச்சம் எழாது.

சரிபார்க்க விரும்புபவர்கள் டிரையோலீன் (சிஸ் பிணைப்புகள் கொண்ட கொழுப்பு), டிரைஎலைடின் (டிரான்ஸ் பிணைப்புகள் கொண்ட கொழுப்பு) இரண்டின் நிறமாலைகளையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம். இரண்டுக்கும் மூலக்கூறு வாய்பாடு ஒன்றே: C₅₇H₁₀₄O₆. இரட்டைப் பிணைப்புகளும் மூன்று மூன்றுதான். ஆனால் அறை வெப்பநிலையில் முன்னது எண்ணெய், பின்னது மெழுகு போன்ற திடப்பொருள். உருக்கித்தான் கருவியில் வைக்க வேண்டும். டிரைஎலைடினில் 966-இல் கூரிய உச்சம் நிமிர்ந்து நிற்கும். டிரையோலீனில் அங்கே அப்படி எதுவும் இராது.

இந்த முறைக்கும் குறை உண்டு. டிரான்ஸ் அளவு மிகக் குறைவாக இருந்தால், அருகிலேயே நிறைவுற்ற கொழுப்புகள் காட்டும் மெல்லிய பட்டைகள் கணக்கைச் சற்றுக் குழப்பும். அதைப் பிரித்தறியத்தான் நிறமாலைக் கோட்டின் இரண்டாம் வகைக்கெழுவைப் (நெருங்கிய பட்டைகளைத் தனித்தனியே காட்ட உதவும் கணிதக் கணக்கீடு) பயன்படுத்துகிறார்கள். அந்தக் குழப்பமும் நிறைவுற்ற கொழுப்பால் வருவது, சிஸ் பிணைப்பால் அல்ல.