பணக்காரர்களுக்கு மட்டுமா?

அமெரிக்காவில் வீடு வைத்திருப்பவர்களுக்கான ‘அம்பிரெல்லா’ காப்பீடு (வீட்டு, கார் பாலிசிகளின் வரம்பு தீர்ந்த பிறகு, பிறருக்கு நாம் தர வேண்டிய இழப்பீட்டைக் கட்டும் கூடுதல் பாலிசி) கோடீஸ்வரர்களின் சமாச்சாரம் என்று நான் படித்த கட்டுரை ஒன்று முடித்துவிட்டது. இதை ஏற்க முடியவில்லை. சாதாரண வீட்டுக் காப்பீட்டில் பிறருக்கு ஏற்படும் காயத்துக்கான பொறுப்புத் தொகை பெரும்பாலும் 1 லட்சம் முதல் 5 லட்சம் டாலருக்குள் நின்றுவிடும். உங்கள் நீச்சல் குளத்தில் பக்கத்து வீட்டுப் பையன் குதித்து முதுகெலும்பு முறிந்தால், அது மருத்துவச் செலவுக்கே காணாமல் போகலாம். மீதிக்கு உங்கள் சேமிப்பிலும், பல மாநிலங்களில் சம்பளத்திலும் கை வைப்பார்கள்.

கட்டுரை தொடாத விஷயம் ஒன்று உண்டு. இந்தப் பாலிசியை எடுக்க, கார், வீட்டுப் பாலிசிகளின் பொறுப்பு வரம்பை நிறுவனம் சொல்லும் அளவுக்கு உயர்த்தியாக வேண்டும். காருக்கு, காயமடையும் ஒருவருக்கு 2.5 லட்சம், ஒரு விபத்துக்கு 5 லட்சம் டாலர் என்பது வழக்கமாகக் கேட்கும் அளவு. பிரீமியத்தை மிச்சம் பிடிக்கிறேன் பேர்வழி என்று பிறகு அதைக் குறைத்தால், இடையில் விழும் துண்டை நீங்கள்தான் கட்ட வேண்டும். (முகவர்கள் இதை எங்கே வாய் திறந்து சொல்கிறார்கள்?) புயலில் உங்கள் கூரை பறந்தால் இது சல்லிக்காசு தராது. ஆனால் வீட்டில் 16 வயதுப் பிள்ளை கார் ஓட்டத் தொடங்கியிருந்தால், நீச்சல் குளம் இல்லாவிட்டாலும் இதை எடுத்துவிடுங்கள்.