அபராதத்தில் பாதி யாருக்கு?

நாடாளுமன்றம் போட்ட சட்டத்தை நீதிமன்றம் செல்லாது என்று சொல்லலாமா என்ற பேச்சு வந்தாலே நம் ஆட்கள் நேராக 1803-க்குப் போய்விடுவார்கள். அமெரிக்கா, மார்பரி எதிர் மேடிசன் வழக்கு, நாடாளுமன்றச் சட்டத்தின் ஒரு பிரிவைச் செல்லாது என்று சொன்ன தலைமை நீதிபதி மார்ஷல். அது சரிதான். ஆனால் எனக்குப் பிடித்த ஆள் அதற்கும் இருநூறு வருஷம் முந்தியவர். லண்டனில் வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்த தாமஸ் பான்ஹாம். சட்டம் படித்தவர்களுக்கு அவர் பெயரில் ஒரு வழக்கு இருப்பது தெரியும். அந்த மனுஷனைப் பற்றிக் கேட்டால் முழிப்பார்கள்.

கேம்பிரிட்ஜில் மருத்துவத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவர். அந்தப் பட்டம் லண்டனில் போதவில்லை. 1518-ல் ராஜா எட்டாம் ஹென்றி அங்கே மருத்துவர் கல்லூரி என்று ஒன்றைச் சாசனம் கொடுத்து அமைத்திருந்தார். கல்லூரி என்றதும் வகுப்பறை, ஹாஸ்டல் என்று நினைக்க வேண்டாம். இன்றைய மெடிக்கல் கவுன்சில் மாதிரி, கூடவே ஆளைச் சிறைக்கு அனுப்பும் அதிகாரமும் உண்டு. லண்டனிலும் சுற்றி ஏழு மைலுக்குள்ளும் இவர்கள் அனுமதி இல்லாமல் யாரும் தொழில் செய்யக் கூடாது. மீறினால் மாதத்துக்கு 5 பவுண்ட் அபராதம். 1523-ல் நாடாளுமன்றமும் இந்தச் சாசனத்தைச் சட்டமாகவே ஆக்கிவிட்டது. நகரத்தில் ஏறக்குறைய இரண்டு லட்சம் ஜனம். கல்லூரி உறுப்பினர்களோ சில டஜன் பேர். மற்றவர்கள் நாவிதர்களிடமும் மருந்துக் கடைக்காரர்களிடமும் பாட்டிமார்களிடமும்தான் போனார்கள்.

1606-ல் பான்ஹாமைக் கூப்பிட்டுப் பரீட்சை வைத்தார்கள். பதில் போதாது என்று முடிவாயிற்று. 5 பவுண்ட் அபராதம், இனிமேல் வைத்தியம் பார்க்கக் கூடாது என்று உத்தரவு. அவர் நிறுத்தவில்லை. அடுத்த முறை 10 பவுண்ட். அதன் பிறகு நேரில் வந்தவர், கேம்பிரிட்ஜ், ஆக்ஸ்போர்டு டாக்டர்கள் மேல் உங்களுக்கு அதிகாரமே கிடையாது, உங்களைக் கேட்காமல்தான் தொழில் செய்வேன் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். உடனே பிடித்துச் சிறையில் போட்டார்கள். அவருடைய வக்கீல் ஆட்கொணர்வு மனு போட்டு சில நாளில் வெளியே கொண்டுவந்தார். அப்புறம் பான்ஹாம், என்னைச் சட்டவிரோதமாக அடைத்துவைத்தார்கள் என்று கல்லூரிக்காரர்கள் மேல் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டார்.

இவரைத் தியாகியாக்கும் எண்ணம் எனக்கு இல்லை. கொஞ்சம் திமிர் பிடித்த ஆள் என்றுதான் தோன்றுகிறது. கல்லூரி சொன்னதிலும் நியாயம் உண்டு. கண்டவனும் மருந்து கொடுத்தால் சாவது நோயாளிதானே. ஆனால் அன்றைய பரீட்சையின் லட்சணத்தையும் பார்க்க வேண்டும். ஆயிரத்து நானூறு வருஷம் முன்னால் கிரேக்க வைத்தியர் கேலன் சொன்னதை ஒழுங்காக ஒப்பிப்பதுதான் தகுதி. ரத்தம் உடம்பைச் சுற்றி வருகிறது என்று 1628-ல் புத்தகம் போட்ட வில்லியம் ஹார்வி, 1607-ல் இதே கல்லூரியில் உறுப்பினரானவர்.

வழக்கு பொது வழக்கு நீதிமன்றத்தில் தலைமை நீதிபதி எட்வர்ட் கோக் முன்னால் வந்தது. 1610-ல் தீர்ப்பு. கோக் முதலில் செய்தது சாதாரண வக்கீல் வேலை, சட்டத்தை வரி வரியாகப் பிரித்துப் படிப்பது. அனுமதி இல்லாமல் தொழில் செய்தால் மாதம் 5 பவுண்ட் என்பது ஒரு பிரிவு. தப்பான வைத்தியம் பார்த்தால் அபராதமும் சிறையும் என்பது வேறொரு பிரிவு. பான்ஹாம் தப்பாக வைத்தியம் பார்த்தார் என்று யாரும் குற்றம் சாட்டவில்லை. அப்படியானால் சிறை எங்கிருந்து வந்தது? வழக்கு முடிய இதுவே போதும்.

அதோடு விடவில்லை கோக். அபராதம் யாருக்குப் போகிறது என்று பார்த்தார். பாதி ராஜாவுக்கு, பாதி கல்லூரிக்கு. சம்மன் அனுப்புவது கல்லூரி, தண்டனை சொல்வது கல்லூரி, வசூலில் பாதியை எடுத்துக்கொள்வதும் கல்லூரி. வேலிக்கு ஓணான் சாட்சி என்போம். இங்கே ஓணானே நீதிபதி. தன் வழக்கில் தானே தீர்ப்பு சொல்ல யாராலும் முடியாது என்று கோக் எழுதினார். அதைத் தாங்கிப் பிடிக்கத்தான் அந்தப் பிரபலமான வாக்கியத்தையும் எழுதினார்: நாடாளுமன்றச் சட்டம் பொது நியாயத்துக்கும் அறிவுக்கும் முரணாக இருந்தால், பொதுச் சட்டம் (வழக்கத்திலும் தீர்ப்புகளிலும் வளர்ந்த சட்டம்) அதை அடக்கும், செல்லாது என்றும் சொல்லும். வால்ம்ஸ்லி என்ற நீதிபதி இதை ஏற்கவில்லை. குடிமக்களின் உடல்நலம் அரசனின் பொறுப்பு, அதை அவன் கல்லூரியிடம் ஒப்படைத்திருக்கிறான் என்பது அவர் கட்சி. பெரும்பான்மை பான்ஹாம் பக்கம் நின்றது. 40 பவுண்ட் நஷ்டஈடு கிடைத்தது.

கோக் உண்மையிலேயே சட்டத்தை ரத்து செய்யும் அதிகாரத்தைக் கோரினாரா, இல்லை சட்டத்துக்குப் பொருள் கொள்ளும் முறையைத்தான் சொன்னாரா என்று அறிஞர்கள் இன்னும் மல்லுக்கட்டுகிறார்கள். 1616-ல் ராஜா முதலாம் ஜேம்ஸ் அவரைப் பதவியிலிருந்து தூக்கினார். அதற்குப் பல காரணங்கள் உண்டு. கோக்குக்கு அடுத்து வந்தவருக்குப் பிரமாணம் செய்துவைத்த லார்டு சான்சலர் (ராஜாவின் மூத்த சட்ட அமைச்சர்) எல்ஸ்மியர், நாடாளுமன்றச் சட்டத்தை நீதிபதிகள் செல்லாததாக்குவதையும் குத்திக்காட்டத் தவறவில்லை. இங்கிலாந்தில் அந்த விதை முளைக்கவே இல்லை. நாடாளுமன்றம் போட்ட சட்டத்தை ரத்து செய்ய அங்கே நீதிமன்றத்துக்கு இன்றும் அதிகாரம் கிடையாது. முளைத்தது கடலுக்கு அந்தப் பக்கம். 1761-ல் பாஸ்டனில், சுங்க அதிகாரிகள் எந்த வீட்டையும் சோதனை போடலாம் என்ற உத்தரவுகளை எதிர்த்து வாதாடிய ஜேம்ஸ் ஓட்டிஸ், பான்ஹாம் வழக்கைத்தான் எடுத்துப் போட்டார். அதைக் கேட்டுக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த இளம் வக்கீல் ஜான் ஆடம்ஸ், பிற்பாடு அமெரிக்காவின் இரண்டாவது ஜனாதிபதி.

நீதிப் புனராய்வு, அதாவது சட்டம் செல்லுமா என்று நீதிமன்றம் பார்ப்பது, வேண்டும் என்பதற்கு வழக்கமாகச் சொல்லும் காரணம், நீதிபதிகள் விவரமானவர்கள், அரசியல்வாதிகள் அப்படி இல்லை என்பது. எனக்கு அது ஒப்பவில்லை. நீதிபதிகளும் மனிதர்கள்தான். கோக்குக்கே தன் நீதிமன்றத்தின் எல்லையை விரிப்பதில் பெரிய ஆசை இருந்தது. பான்ஹாம் வழக்கில் கிடைக்கும் காரணம் வேறு, அதுதான் பலமானது: தன் அதிகாரத்தின் எல்லை எது என்பதைத் தானே தீர்மானிக்க யாருக்கும் உரிமை இல்லை. கல்லூரிக்கு இல்லை, அதனால் நாடாளுமன்றத்துக்கும் இல்லை. நம் அரசியலமைப்பின் 13-வது பிரிவு, அடிப்படை உரிமைக்கு முரணான சட்டம் அந்த அளவுக்குச் செல்லாது என்று எழுதியே வைத்துவிட்டது. நம் நீதிபதிகள் கோக் மாதிரி வாக்கியம் தேட வேண்டியதில்லை.

இந்தக் காரணத்தை ஏற்றுக்கொண்டால் நீதிமன்றத்தையும் அதே அளவுகோலால்தான் அளக்க வேண்டும். 2015-ல் நீதிபதிகள் நியமன ஆணையத்தையும் அதைக் கொண்டுவந்த 99-வது திருத்தத்தையும் உச்ச நீதிமன்றம் நான்குக்கு ஒன்று என்ற கணக்கில் ரத்து செய்தது. நீதிபதிகளை நீதிபதிகளே தேர்ந்தெடுக்கும் கொலீஜியம் முறை தொடரலாம் என்று தீர்ப்பு சொன்னதும் நீதிபதிகள்தான். கொலீஜியத்தில் இருப்பவர் இந்த வழக்கை விசாரிக்கலாமா என்று ஆரம்பத்திலேயே ஆட்சேபம் கிளம்பியது, அது எடுபடவில்லை. வேறு யார் விசாரிப்பது என்ற கேள்விக்குப் பதில் இல்லை என்பதும் உண்மைதான்.

நாட்டிலேயே அதிக வழக்குகளில் கட்சிக்காரராக நிற்பது அரசாங்கம். அதன் கைக்கு நியமனம் போவதை நானும் விரும்பவில்லை. ஆனால் பரீட்சையில் தேறவில்லை என்று பான்ஹாமிடமாவது நேரில் சொன்னார்கள். கொலீஜியம் 2017-ல் தீர்மானங்களை இணையத்தில் போட ஆரம்பித்தது. சிலவற்றில் காரணம் இருக்கிறது, சிலவற்றில் ஒன்றும் இல்லை. எந்தப் பெயரை ஏன் ஒதுக்கினோம் என்று ஒவ்வொரு முறையும் எழுத்தில் சொல்லட்டும். சம்பந்தப்பட்டவர் பதில் சொல்ல ஒரு வாய்ப்பும் கொடுக்கட்டும். இதற்குச் சட்டத் திருத்தம் எதுவும் தேவையில்லை, கொலீஜியமே நாளைக்கே செய்யலாம்.