காட்டு வழியில் அவசரம் எதற்கு?

காட்டுச் சாலைகளில் காரில் சுற்றிப் பார்ப்பது பற்றி ஒரு கட்டுரை படித்தேன். ஒரே நாளில் 400 கிலோமீட்டர், ஏழு காட்சி முனைகள் என்று அதில் போட்டிருக்கும் திட்டம் எனக்கு ஒத்துவராது. வளைவும் ஏற்றமுமாகப் போகும் காட்டுச் சாலையில் மணிக்கு 40 கிலோமீட்டர் சராசரி கிடைத்தாலே பெரிய விஷயம். அந்தக் கணக்கில் பத்து மணி நேரம் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். அப்புறம் எங்கே வேடிக்கை பார்ப்பது?

பாதி தூரம் போதும். சாலையை விட்டு நன்றாக ஒதுங்க இடம் கிடைத்தால் நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிடுங்கள். முதலில் ஒன்றும் கேட்காது. கொஞ்ச நேரம் சும்மா இருந்தால் பூச்சிகளின் ரீங்காரம், எங்கோ மரங்கொத்தி தட்டுவது எல்லாம் ஒவ்வொன்றாகக் காதில் விழும். தூரத்து மலைகள் நீலமாகத் தெரிகிறதே, அதில் மரங்களுக்கும் பங்கு உண்டு. அவை வெளியிடும் ஆவிகளிலிருந்து காற்றில் உருவாகும் நுண்துகள்கள் நீல ஒளியை அதிகமாகச் சிதறடிக்கின்றன.

கட்டுரை சொல்லாமல் விட்டது ஒன்று: வெயிலிலிருந்து சட்டென்று மர நிழலுக்குள் நுழையும்போது கண் பழகச் சில நொடிகள் பிடிக்கும், கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தால் இன்னும் மோசம். நிழலில் ஈரமும் லேசில் காயாது, உதிர்ந்த இலை வழுக்கும். இறக்கத்தில் பிரேக்கை அழுத்திக்கொண்டே வராமல் கீழ் கியரில் இறங்குங்கள். மான் ஒன்று குறுக்கே ஓடினால் உடனே கிளம்பிவிடாதீர்கள், பின்னாலேயே இன்னொன்று வரலாம். அந்தி நேரத்தில்தான் இவற்றின் நடமாட்டம் அதிகம், அதற்குள் காட்டைத் தாண்டிவிடுவது நல்லது.