கூடை தெரிகிறது, கார் தெரியவில்லையா?

சேலம் அஞ்சு ரோட்டில் ஈரடுக்கு மேம்பாலத்தை 2020-லேயே திறந்துவிட்டார்கள். 400 கோடி ரூபாய்க்கு மேல் செலவு. சரி, காரில் போகிறவர்கள் நிம்மதியாகப் போகட்டும். கீழே சாலையைக் கடக்க நிற்கிறவன் கதி? குறுக்கே மாடு வந்தாலாவது வண்டிக்காரர்கள் பிரேக் போடுகிறார்கள்.

நடைபாதை இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, நாலு எட்டு வைக்கும்வரை. அப்புறம் ஒரு கடைக்காரர் வாசலுக்குச் சாய்வு போட்டு டைல்ஸ் ஒட்டியிருக்கிறார். அதன்மேல் ஒரு புல்லட். அதைச் சுற்றிக்கொண்டு இறங்கினால் சாக்கடை மூடி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கிறது. மூட்டுவலிக்கார அம்மாவைக் கைபிடித்து அதைத் தாண்டவைப்பதற்குள் பின்னாலிருந்து ஹாரன். எதிரே சிக்னல் சிவப்பில்தான் இருக்கிறது, என்ன அவசரமோ!

வயிறு எரிவது இதற்குக்கூட இல்லை. ஆக்கிரமிப்பு அகற்றுகிறோம் என்று வண்டி வந்தால் முதலில் தூக்குவது பூக்கார அக்காவின் கூடையை. அவர் உட்காரும் இடம் இரண்டு அடி. பக்கத்தில் ஒரு கார் முழுநீளத்துக்கு நிற்கிறது, அதை ஒருவரும் தொடுவதில்லை. 2014-ல் வந்த தெருவோர வியாபாரிகள் சட்டப்படி, கணக்கெடுப்பு முடியாமல் யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது. தெருவோர வியாபார விஷயங்களைக் கவனிக்க அந்தச் சட்டப்படி அமைக்கும் நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் வியாபாரிகளே இருக்க வேண்டும். இதை அக்காவிடம் சொன்னால், "சட்டமெல்லாம் இருக்கட்டும் கண்ணு, கூடையைத் திருப்பி வாங்கித் தரச் சொல்லு" என்கிறார்.

கார் நிறுத்தத் தடை என்று பேச்செடுத்தாலே போதும், "வியாபாரம் படுத்துடும்" என்று கடைக்காரர்கள் கொதிக்கிறார்கள். உடனே எல்லாக் கட்சிக்காரர்களும் அவர்கள் பின்னால். நடக்கிறவனுக்குச் சங்கமும் கிடையாது, அவனுக்காகக் கடையடைப்பும் கிடையாது. சாலையில் இடம் ஒதுக்கும்போது வண்டிகளைவிட மனிதர்களைப் பார்க்கச் சொல்லி மத்திய அரசின் நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை 2006-லேயே வந்தாயிற்று. யார் படித்தார்கள்?

2021 முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை. அதற்கு "ஓசி பஸ்" என்று நக்கல் வேறு. நக்கலடிக்கிறவர் தன் காரை நாளெல்லாம் நடைபாதையில் போட்டுவிட்டு ஏசிக்குள் உட்கார்ந்திருக்கிறார். அந்த இடத்துக்கு மாதம் எவ்வளவு வாடகை கட்டுகிறீர்கள், சார்?