வாக்களிப்பு நாளில் கடை திறந்தால் தண்டப்பணமா?

"தேர்தல் நாள் சட்டப்படி பொது விடுமுறை, கடை திறந்தால் தண்டம்" என்று யாழ்ப்பாணத்து வட்ஸ்அப் குழுக்களில் ஒரு தகவல் சுற்றுகிறது. இது பிழை.

இலங்கையில் வாக்களிப்பு நாள் தானாகவே விடுமுறை ஆகாது. 2024 ஜனாதிபதித் தேர்தல் செப்டெம்பர் 21, சனிக்கிழமை நடந்தது. விசேட பொது விடுமுறை அறிவித்ததோ 23ஆம் திகதி திங்கட்கிழமைக்கு!

சரி, பொது விடுமுறையே விட்டாலும் கஸ்தூரியார் வீதிக் கடைகள் பூட்டத் தேவையில்லை. பொது விடுமுறை, வங்கி விடுமுறை, தனியார் கடை, நிறுவன ஊழியருக்கான வர்த்தக விடுமுறை மூன்றும் வேறு வேறு. கலண்டரில் தனித்தனி அடையாளம் போட்டிருப்பது சும்மா இல்லை.

சட்டம் தருவது வேறொன்று: வாக்களிக்கச் சம்பளத்தோடு லீவு. வாக்குரிமையுள்ள ஊழியர் எழுத்தில் கேட்டால், தொடர்ச்சியாகக் குறைந்தது 4 மணித்தியாலம் முதலாளி கொடுத்தாக வேண்டும், மறுப்பது குற்றம். தூரத்துக்கு ஏற்ப லீவு கூடும். தேர்தல் ஆணைக்குழு அறிவிக்கும் அளவுப்படி 40 கிலோமீற்றருக்குள் அரை நாள், 40 முதல் 100 வரை ஒரு நாள், 100 முதல் 150 வரை ஒன்றரை நாள், அதற்கு மேல் இரண்டு நாள். கிளிநொச்சியில் வாக்குள்ள பிள்ளை யாழ்ப்பாண நகைக்கடையில் வேலை செய்தால் ஒரு நாள் கேட்கலாம்.

வாயால் கேட்டுவிட்டு வராதீர்கள். பெயர், வாக்களிக்கும் இடம், திகதி எழுதிக் கொடுத்து, ஒரு பிரதியில் கையெழுத்து வாங்குங்கள். பின்னர் பிரச்சினை வந்தால் முதலாளி "கேட்கவே இல்லையே" என்று சொல்ல முடியாது.