ஏழு வயது வரை குழந்தைக்குக் கதையும் நிஜமும் ஒன்றா?

"ஏழு வயது வரை குழந்தைகளுக்குக் கற்பனை எது, நிஜம் எது என்று தெரியாது, பேய், ராட்சசன் கதைகளைச் சொல்லாதீர்கள்" என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இது தவறு.

1986-இல் வெல்மன், எஸ்டஸ் என்ற உளவியலாளர்கள் சின்னக் குழந்தைகளிடம் இரண்டு பையன்களைப் பற்றிச் சொன்னார்கள். ஒருவனிடம் பிஸ்கட் இருக்கிறது. இன்னொருவன் பிஸ்கட்டை நினைத்துக்கொண்டு மட்டும் இருக்கிறான். யாருடையதைத் தொடலாம், தின்னலாம்? மூன்று வயதுக் குழந்தைகளே பெரும்பாலும் சரியாகச் சொன்னார்கள்.

சரி, அப்படியென்றால் என் நான்கு வயது மகள் ராட்சசன் கதை கேட்டுவிட்டுக் கட்டிலுக்கு அடியில் பார்க்கச் சொல்வது ஏன்? 1991-இல் பால் ஹாரிஸ் குழுவினர், காலிப் பெட்டிக்குள் ராட்சசன் இருப்பதாகக் கற்பனை செய்யும்படி குழந்தைகளிடம் சொன்னார்கள். அது பாவனைதான் என்று குழந்தைகளுக்குத் தெரிந்தே இருந்தது. ஆனாலும் தனியே விட்டுப் போகப் பார்த்தபோது நான்கு வயதுக்காரர்களில் சிலர் போகவேண்டாம் என்றார்கள். பயப்படுவது வேறு, குழம்புவது வேறு. திகில் படம் பார்த்த ராத்திரி விளக்கை அணைக்கத் தயங்கும் பெரியவர்கள் எத்தனை பேர்!

செய்தியில் துளி உண்மையும் உண்டு. ஜான் ஃப்ளேவல் குழுவின் 1990 ஆய்வில், டிவியைக் கவிழ்த்தால் திரையில் தெரியும் பாப்கார்ன் கொட்டிவிடும் என்று மூன்று வயதுக் குழந்தைகள் பலர் சொன்னார்கள். நான்கு வயதில் அது பெரும்பாலும் தெளிந்துவிடுகிறது. அப்புறம், பெரியவர்களே மெனக்கெட்டு நிஜம் என்று சாதித்தால் பிள்ளைகள் நம்பத்தான் செய்வார்கள். "அது நிஜமா?" என்று கேட்டால் நேராகப் பதில் சொல்லுங்கள்; கதையை நிறுத்த வேண்டியதில்லை.