முகாம் போட்டீங்க சரி, அடுத்த நாள் யாரு போய் பாக்கறது?

எங்க பக்கம் மனநல விழிப்புணர்வு முகாம் நடக்காத வருஷமே இல்லைங்க. பிளெக்ஸ் கட்டுவாங்க, மண்டபத்துல சேர் போடுவாங்க, காலேஜ் புள்ளைங்கள பஸ்ஸுல கூட்டிட்டு வந்து உக்கார வெப்பாங்க, தலைவருக்கு ஒரு சால்வை டாக்டருக்கு ஒரு சால்வை, மத்தியானம் தக்காளி சாதம், முடிஞ்சுது. அடுத்த நாள் காலைல அதே ஊருல ஒரு பையன் தறிக்கு போகாம போர்வைய இழுத்து மூடி படுத்துக் கெடப்பான். அவன யாரு போய் பாக்கறது?

நான் வெள்ளகோயில் பக்கம் மெடிக்கல் வெச்சிருக்கேன். டாக்டர் இல்ல, வெறும் பார்மசிஸ்ட், அதனால வைத்தியம் சொல்ல வரல. ஆனா கல்லாவுல உக்காந்திருக்கறவனுக்கு ஊரோட வெசனம் கொஞ்சம் தெரியும். "அண்ணா தூக்கமே வர்றதில்ல, ஒரு மாத்திரை குடுங்க"ன்னு வர்றதுல நெறைய பேரு இருவத்தஞ்சு முப்பது வயசு பசங்க, சீட்டு இல்லாம தரமாட்டேன்னா அப்படியே வண்டிய திருப்பிட்டு போயிருவாங்க. மனநல டாக்டர பாத்து சீட்டோட வர்றவங்க எங்க ஊர்க்காரங்களா இருக்க மாட்டாங்க. தாராபுரத்துக்காரங்க இங்க வந்து வாங்குவாங்க, எங்க ஊர்க்காரங்க காங்கயம் போயி வாங்குவாங்க. எல்லாம் எதுக்கு, பொண்ணு பாக்கற நேரத்துல எவனாவது சொந்தக்காரன் "அவன் ஏதோ மாத்திர சாப்புடறானாமா"ன்னு ஒரு வார்த்தை விட்டா போதுமே.

நம்ம பக்கம் பொண்ணு கெடைக்கற லட்சணம் எல்லாருக்கும் தெரியும். தோட்டம் இருக்கும், போர்ல தண்ணி இருக்கும், சொந்தத் தறி இருக்கும், முப்பத்தஞ்சு தாண்டியும் ஜாதகத்த தூக்கிட்டு அலைவாங்க, புரோக்கர் பாலக்காடு வரைக்கும் போயி தேடறாரு. விசேஷத்துக்கு போனா "என்ன கண்ணு, எப்ப கல்யாண சோறு போடற"ன்னு ஆளாளுக்கு கேக்க, அவன் விசேஷத்துக்கு போறதயே நிறுத்திருவான், அப்புறம் பேக்கரிக்கு வந்து பசங்களோட உக்கார்றதும் நின்னு போயிரும், அப்புறம் சாயங்காலமானா டாஸ்மாக், மாட்டுக்கு தண்ணி காட்டறது கூட ஆத்தாதான். வீட்டுல கேட்டா சோம்பேறி ஆயிட்டான்னு சொல்லுவாங்க. மில்லு ஹாஸ்டல்ல இருக்கற பொண்ணுங்களுக்கு பேச ஆளே இல்ல, ஷிப்ட் முடிஞ்சா தூக்கம், தூங்கி எந்திரிச்சா ஷிப்ட்.

வசதியே இல்லேன்னு நான் சொல்ல மாட்டேன். மாவட்ட மனநலத் திட்டம் 1996-ல மத்திய அரசு ஆரம்பிச்சது, இப்ப தமிழ்நாட்டுல எல்லா மாவட்டத்துலயும் இருக்கு, தாலுகா ஜிஹெச்சுக்கு குறிப்பிட்ட கிழமைல மனநல டாக்டர் வர்றாரு, மாத்திரை இலவசம். 2022 அக்டோபர்ல இருந்து 14416-ன்னு மனநல ஆலோசனைக்கு அரசு போன் லைன், தமிழ்லயே பேசலாம், காசு கெடையாது. மாவட்டத் திட்டம் இத்தனை வருஷமா இருந்தும் அந்த 2022-ல தமிழ்நாட்டுல 19,834 பேர் தற்கொலைன்னு என்சிஆர்பி, அதான் தேசிய குற்ற ஆவணக் காப்பகம், கணக்கு சொல்லுது. டாக்டர் அங்க இருக்காரு, பையன் இங்க இருக்கான், நடுவுலதான் ஆள் இல்ல.

அந்த ஆளு பெரிய படிப்பு படிச்சிருக்கணும்னு அவசியமில்லைங்க. கோவாவுல சங்கத்-னு ஒரு அமைப்பு, உள்ளூர் ஆளுங்களுக்கே பயிற்சி குடுத்து ஆரம்ப சுகாதார நிலையத்துல கவுன்சிலிங் பண்ண வெச்சாங்க, கடுமையான மன அழுத்தத்துல இருந்த 495 பேர வெச்சு ஒப்பிட்டு பாத்து 2017-ல லான்செட்-ங்கற மருத்துவ இதழ்ல போட்டாங்க. மூணு மாசத்துல தெளிஞ்சவங்க கவுன்சிலிங் கெடைச்ச பக்கம் 64 சதவீதம், வழக்கமான கவனிப்பு மட்டும் கெடைச்ச பக்கம் 39. மன அழுத்தத்துக்கு குடுக்கற மாத்திரை வேலை செய்யறதுக்கே ரெண்டு மூணு வாரம் ஆகும், நம்மாளு பத்து நாள் சாப்புட்டுட்டு "ஒன்னும் கேக்கலீங்"னு நிறுத்திருவான். அந்த பத்தாவது நாள் ஒருத்தர் வீட்டுக்கு வந்து "இன்னும் கொஞ்ச நாள் பாரு கண்ணு"ன்னு சொன்னா போதும்.

மக்களைத் தேடி மருத்துவம் 2021-ல வந்தப்ப இதுக்கும் ஒரு வழி பொறக்கும்னு நெனச்சேன். மகளிர் குழு அக்காங்க வீடு வீடா போயி பிரஷர் சுகர் பாத்து மாத்திரை குடுக்கறாங்க, நல்ல வேலைதான், தூக்கம் எப்படி மனசு எப்படின்னு கூடவே ரெண்டு கேள்வி கேக்கறதுல ஒன்னும் கொறஞ்சிராது. ஆனா அவங்க போற நேரத்துக்கு வீட்டுல இருக்கறது அம்மிச்சியும் அப்புச்சியும்தான், வயசுப் பசங்க பூரா கம்பெனி வேன்ல திருப்பூர் போயிருப்பாங்க. அதனால மில்லுக்காரங்களும் கம்பெனிக்காரங்களும் உள்ள வராம இது நடக்காது. ஆனா ஒன்னு, ஹாஸ்டல் பொண்ணு பேசறது சூப்பர்வைசர் காதுக்கு போச்சுன்னா அடுத்த வாரம் எவளும் வாயத் தெறக்க மாட்டா, ஆள வெளிய இருந்துதான் போடணும்.

கோயிலையும் விடக் கூடாதுங்க. திருச்சி பக்கம் குணசீலம் பெருமாள் கோயில்ல, மனசு சரியாகணும்னு ஒரு மண்டலம் தங்கி இருக்கறவங்களுக்கு மறுவாழ்வு மையமும் இருக்கு, மனநல டாக்டரும் வந்து பாக்கறாரு. கயிறும் கட்டட்டும், மாத்திரையும் சாப்புடட்டும்.

இப்ப சொல்லப் போறது நெறைய பேருக்கு புடிக்காது. ஊரோட சேந்து பண்றோம்னு சொல்றீங்களே, எந்த ஊரு? நம்ம பக்கம் ஊருன்னா ஊரு, காலனின்னா காலனி. ஊர்க் கவுண்டர் வீட்டுத் திண்ணைல உக்காந்து காலனிப் பையன் தன் மனசுல இருக்கறத சொல்லுவானா? சாதி மாறி காதலிச்சதுதான் பிரச்சனைன்னா அந்த பொண்ணு சாதிச் சங்கத் தலைவர்கிட்ட போயி சொல்லுவாளா? சாதிச் சங்கத்த பங்குதாரரா சேத்துட்டு சமூகப் பங்களிப்புன்னு பேர் வெக்காதீங்க. காலனில இருந்து ஒரு பொண்ணு, ஊர்ல இருந்து ஒரு பையன், ரெண்டு பேருக்கும் ஒரே பயிற்சி ஒரே சம்பளம். சம்பளம் கண்டிப்பா வேணும், சும்மா சேவைன்னு விட்டா ஆறு மாசத்துல வேலை கெடைச்சு போயிருவாங்க, அது தப்பும் இல்ல.

பணத்துக்கு எங்க போறதுன்னு கேப்பீங்க. கோயில் நோம்பிக்கு ஆர்கெஸ்ட்ராவுக்கும் வாணவேடிக்கைக்கும் வசூல் பண்றமே, அதுல ஒரு பங்கு போதும். வர்ற கமிட்டி கூட்டத்துல கேக்கலாம்னு இருக்கேன், திட்டுவாங்கன்னு தெரியும், கூட நிக்கறவங்க சொல்லுங்க. அப்புறம் உங்க தாலுகா ஜிஹெச்சுக்கு மனநல டாக்டர் எந்த கிழமை வர்றாருன்னு விசாரிச்சு சொன்னீங்கன்னா, 14416-ஓட சேத்து கடை முன்னாடி எழுதி ஒட்டிர்றேன்.